அழியாத என்ஜினும் அரித்துப்போன கூடும்

பழைய டீசல் கார்களைப் பற்றிப் பேச்சு எழுந்தால் ஒரு கிரேக்க டாக்சியின் கதையும் கூடவே வரும். தெசலோனிக்கி நகர டாக்சி ஓட்டுநர் கிரிகோரியோஸ் சாச்சினிடிஸ் என்பவர் 1976ஆம் ஆண்டு மெர்சிடிஸ் பென்ஸ் 240 டி கார் ஒன்றை 46 லட்சம் கிலோமீட்டர் ஓட்டினார். 2004ஆம் ஆண்டு அந்த நிறுவனமே காரைத் தன் அருங்காட்சியகத்துக்காகப் பெற்றுக்கொண்டது. செய்தி உண்மைதான். ஆனால் இதைக் கேட்டவர்கள், "பென்ஸ் டீசல் என்ஜினுக்குச் சாவே இல்லை" என்று முடிவு கட்டிவிடுகிறார்களே, அங்கேதான் இடறுகிறது.

அந்தக் காரில் என்ஜின் பலமுறை மாற்றப்பட்டது. அப்படியானால் 46 லட்சம் கிலோமீட்டரையும் முழுமையாகக் கடந்தது எது? என்ஜின்களை மாற்றி மாற்றிச் சுமந்த இரும்புக் கூடு! என்ஜினின் பெருமைக்குக் காட்டப்படும் சான்று, உண்மையில் கூட்டின் பெருமையையும் அதைப் பேணியவரின் பொறுமையையும் அல்லவா காட்டுகிறது? பழைய இரும்புக் கடைக்குப் போய்ச் சேர்ந்த எத்தனையோ 240 டி கார்களை இந்தக் கதை கணக்கில் சேர்ப்பதுமில்லை. பிழைத்திருப்பதை மட்டும் எண்ணுவது எந்த ஆய்விலும் பிழையே.

இன்று பழமை விரும்பிகள் தேடி வாங்குவது பெரும்பாலும் இதற்கு அடுத்த தலைமுறைக் கார். 1976 தொடங்கி விற்பனைக்கு வந்த அந்த வரிசையில் எல்லா வகைகளும் சேர்ந்து ஏறத்தாழ 27 லட்சம் கார்கள் உருவாயின. நம்மூர்ச் சந்தையில் இது அரிது. ஆயினும் நீங்கள் ஓர் அம்பாசிடர் டீசல் வாங்கப் போனாலும் கீழே சொல்வதில் பெரும்பகுதி உதவும்.

லாரியைப் போல் இவற்றுக்குத் தனிச் சட்டம் கிடையாது. தரைத் தகடும் பக்கத் தகடுகளும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டுப் பாரத்தைத் தாங்குகின்றன. ஆகவே துரு என்பது அழகுக் குறை மட்டுமன்று, முதுகெலும்பின் நோய். ஜாக்கி வைக்கும் இடங்கள், சக்கர வளைவுகள், பாட்டரித் தட்டின் அடிப்பகுதி, பின் கண்ணாடியின் கீழ் விளிம்பு, கால் விரிப்பின் கீழுள்ள தரை ஆகிய இடங்களில் ஈரம் தங்கும். ஒரு சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றித் தகட்டின்மேல் நகர்த்துங்கள். அது பற்றாமல் வழுக்கும் இடத்தில் பெயிண்டுக்கு அடியில் இருப்பது இரும்பன்று, பட்டி. என்ஜினை இறக்கிப் புதுப்பித்துவிடலாம். அரித்த கூட்டைச் சரிசெய்யும் செலவோ காரின் விலையையே விழுங்கிவிடும்.

என்ஜினைச் சோதிப்பதிலும் ஒரு தந்திரம் நடக்கிறது. நீங்கள் போய்ச் சேருமுன் விற்பவர் வண்டியை ஓட்டிச் சூடாக்கி வைத்திருப்பார். டீசல் என்ஜினில் தீப்பொறி பிளக் இல்லை. காற்றை 21இல் ஒரு பங்காக நெருக்கும்போது எழும் வெப்பமே எரிபொருளைப் பற்றவைக்கிறது. ஏட்டுக் கணக்கின்படி அந்தக் காற்று 700 டிகிரி செண்டிகிரேடைத் தாண்டவேண்டும். ஆனால் குளிர்ந்த உலோகச் சுவர் வெப்பத்தைக் குடித்துவிடுகிறது. தேய்ந்த பிஸ்டன் வளையங்கள் வழியே காற்றும் நழுவுகிறது. சூடான என்ஜினில் இந்தக் குறை மறைந்துவிடும். ஆகவே காலையில் போங்கள். மூடியைத் திறந்து என்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் மறுநாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள்.

குளிர்ந்த நிலையில் கிளம்ப மறுத்தால் உடனே என்ஜின் போயிற்று என்றும் எண்ணவேண்டாம். காற்றறையை முன்கூட்டிச் சூடாக்கும் நான்கு க்ளோ பிளக்குகள் தொடக்க கால வண்டிகளில் தொடர் இணைப்பில் இருந்தன. ஒன்று அறுந்தால் நான்கும் அணையும்; பள்ளியில் படித்த மின்சுற்றுப் பாடம்தான். வால்வு இடைவெளியைச் சரிசெய்யாமல் விட்டாலும் அழுத்தம் குறையும். இரண்டும் சிறு செலவு.

எண்ணெய் ஊற்றும் மூடியைக் கழற்றி, ஓடும் என்ஜின்மேல் தலைகீழாக வைத்துப் பார்க்கும் வழக்கம் உண்டு. மூடி லேசாக ஆடினால் நல்லது, தூக்கி எறியப்பட்டால் வளையங்கள் தேய்ந்தன என்பார்கள். முரட்டுத்தனமான சோதனை. நான்கு சிலிண்டர்களில் பழுதுள்ளது எது என்பதை மூடி சொல்லாது. அழுத்தமானி வைத்து ஒவ்வொன்றாக அளந்து ஒப்பிடுவதே முறை. விற்பவர் அதற்குச் சம்மதிக்கவில்லையானால், அதுவே ஒரு விடை. கிலோமீட்டர் கணக்கை நான் பொருட்படுத்துவதே இல்லை. இவ்வளவு பழைய வண்டியில் அந்த எண்ணுக்கு யார் உத்தரவாதம்?

புறப்படுமுன் சாவியைத் திருப்பி அணைத்துப் பாருங்கள். இந்தக் காரில் எரிபொருளை நிறுத்துவது வெற்றிட விசை. பெட்ரோல் என்ஜின் காற்றை உறிஞ்சும்போதே வெற்றிடம் கிடைத்துவிடும். டீசலில் அது போதாததால் தனிப் பம்பு வைத்திருக்கிறார்கள். பிரேக்கின் துணை விசையும் கதவுப் பூட்டுகளும் அதே பம்பை நம்பியவை. எங்கோ ஒரு கதவுப் பூட்டின் ரப்பர் கிழிந்தாலும், சாவியை எடுத்த பின்னும் என்ஜின் சடசடத்துக்கொண்டே நிற்கும். பயந்துபோய் ஓடிவிடாதீர்கள். பிரேக்கை மிதித்து அது கல்லாக இறுகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, விலையைக் குறைத்துக் கேளுங்கள்.