மொட்டைமாடியில் தைக்கும் படகு

ராஜகீழ்ப்பாக்கத்தில் ஏரி இருக்கிறது; கூப்பிடு தூரத்தில் சேலையூர், செம்பாக்கம் ஏரிகள். ரயில்வேயிலும் விமானப்படையிலும் தொழிற்சாலைகளிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்ற, கைவேலை தெரிந்தவர்களும் தாம்பரம் வட்டாரத்தில் நிறைய. அவர்களில் ஒருவர் சின்ன மரப்படகு கட்ட உட்கார்ந்தால், அது பென்ஷனுக்குத் துணையாக நாலு காசு தருமா?

கட்டும் முறை பெரிய தடையல்ல. 8 அடிக்கு 4 அடி ப்ளைவுட்டை வெட்டி, ஓரங்களில் துளையிட்டு, செம்புக் கம்பியால் தைத்து, இணைப்பின்மேல் எபாக்ஸிப் பசையும் கண்ணாடி இழை நாடாவும் ஒட்டினால் படகின் உடல் தயார். பிரிட்டனில் 1963இல் வந்த ‘மிரர்’ பாய்ப்படகை இப்படித் தைத்து ஒட்டித்தான் பல்லாயிரம் பேர் வீட்டிலேயே கட்டினார்கள். நம் கரைக்கும் தையல் புதிதல்ல. துறைமுகம் வருமுன் சென்னையில் கப்பலிலிருந்து ஆளையும் சரக்கையும் கரை சேர்த்த மசூலாப் படகு, ஆணியில்லாமல் தென்னங்கயிற்றால் தைத்தது. அதனால்தான் அலை அறைந்தபோது பிளக்காமல் நெளிந்து கொடுத்தது.

சிக்கல் வேறிடத்தில். சித்திரை வெயிலில் எபாக்ஸி பூசி முடிப்பதற்குள் கிண்ணத்திலேயே இறுகிவிடும். அதன் பிசுக்கு தோலில் ஒவ்வாமை தரும். இழைக்கும் தூசி நுரையீரலுக்கு ஆகாது. கடல்தர ப்ளைவுட்டுக்கான ஐ.எஸ். 710 முத்திரை இல்லாத மலிவுப் பலகை வாங்கினால் இரண்டு மழையில் அடுக்கடுக்காகப் பிரியும். மாடிப்படியில் இறங்குமா என்று அளந்து பார்க்காமல் தொடங்கியவர் பாடு இன்னும் மோசம்.

வருமானக் கணக்கு அதைவிடக் கடினம். ஃபைபர் படகுக்கு ஓர் அச்சு போதும், வரிசையாக வார்த்தெடுக்கலாம். 2004 சுனாமிக்குப் பின் கரையெங்கும் அவைதான். மரப்படகை ஒவ்வொன்றாகத்தான் கட்ட முடியும். தச்சருக்கு நாள் கூலி போட்டுப் பார்த்தால் விற்கிற விலை கட்டாது. குமரி மாவட்டம் முட்டத்தில் மீனவர்களுக்காக ப்ளைவுட் படகு வளர்த்த பியர் ஜிலே, 1985இல் அந்த அனுபவத்தை எழுதிய நூலுக்கு ‘சிறியது கடினம்’ என்ற பொருளில் தலைப்பு வைத்தார். நிறுவனத் துணையும் நிச்சயமான வாடிக்கையாளரும் இருந்த இடத்திலேயே அந்த நிலை.

2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூருக்கும் வரதராஜபுரத்துக்கும் படகுகள் வந்ததைச் சொல்லி, தெருவுக்கொரு படகு வேண்டும் என்பார்கள். ஆனால் அன்று காப்பாற்றியதில் படகுக்குப் பாதிப் பங்குதான். மீதி, இழுப்பு அறிந்து துடுப்புப் பிடித்த மீனவர்களுக்கு. ஏரியில் விட்டுப் பழகலாமென்றால், கழிவுநீரும் ஆகாயத்தாமரையும் வழிமறிக்கின்றன.

ஆகவே படகை விற்றுப் பிழைப்பது இங்கே நடக்காது. கைப்பழக்கத்தை விற்கலாம்: விடுமுறையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது, பழைய படகைச் செப்பனிடுவது, முன்பணம் தந்தவருக்கு வருடத்துக்கு ஒன்று கட்டுவது. முதல் படகுக்கு மட்டும் கூலி கணக்குப் பார்க்கக் கூடாது. அது தொழில் கற்கக் கட்டிய ஃபீஸ்.