இரண்டு வளாகம், ஓர் ஆய்வேடு

முனைவர் பட்டத்துக்காக நான்கைந்து ஆண்டு வெளிநாடு போய்விடுவது ஒரு வழி. உள்ளூரிலேயே பதிவு செய்து முடிப்பது இன்னொரு வழி. இரண்டுக்கும் நடுவே மூன்றாவது வழி ஒன்று இருப்பது நம் கல்லூரி ஆசிரியர்களில் பலருக்குக் காலம் கடந்துதான் தெரியவருகிறது. அதில் பதிவு ஒரு நாட்டில் இருக்கும், ஆய்வின் ஒரு பகுதி இன்னொரு நாட்டில் நடக்கும், நெறியாளர்கள் இரண்டு பேர். 1959இல் ஆக்ஸ்போர்டில் கூடிய கல்வி மாநாட்டில் உருவான காமன்வெல்த் உதவித்தொகைத் திட்டத்தில் இதற்கெனத் தனிப்பிரிவே இருக்கிறது. அதில் தேர்வாகும் ஆய்வாளர் பிரிட்டனில் 12 மாதம் இருந்து ஆராய்வார், ஆனால் பட்டம் தருவது அவருடைய நாட்டுப் பல்கலைக்கழகம்தான். நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகம் இதைத் தலைகீழாகச் செய்கிறது. ஆய்வாளர் முதலில் சில மாதம் அங்கே தங்கி ஆய்வுத் திட்டத்தை வகுப்பார், பிறகு ஊர் திரும்பிக் களப்பணி செய்வார், எழுதி முடிக்க மறுபடி அங்கே போவார். பட்டம் வாகனிங்கனுடையது.

இந்த முறை பரவ வேண்டும் என்பதே என் கட்சி. ஆனால் ஆய்வு இரண்டு இடங்களாக ஏன் பிரிகிறது என்ற கேள்வியைக் கேட்காமல் இதைப் பாராட்டவும் முடியாது, பழிக்கவும் முடியாது. ஆய்வுப்பொருளே இரண்டு நாடுகளில் கிடப்பதால் பிரியலாம். ஊரில் வசதி இல்லாததாலும் பிரியலாம். விண்ணப்பத்தில் இரண்டும் ஒரே மாதிரி தோன்றும். விளைவுகள் முற்றிலும் வேறு.

முதலில் மனிதர்களைப் பார்ப்போம். வேலையில் இருக்கும் உதவிப் பேராசிரியர், கைக்குழந்தை உள்ள பெண், வயதான பெற்றோரைத் தனியாகப் பார்த்துக்கொள்பவர், இவர்களால் ஐந்தாண்டு நாட்டைவிட்டு இருக்க முடியாது. ஓராண்டை, அதுவும் இரண்டு மூன்று தவணையாக என்றால், எப்படியாவது ஏற்பாடு செய்துகொள்வார்கள். ஸ்வீடன் அரசின் உதவியோடு உகாண்டாவின் மக்கெரேரே, மொசாம்பிக்கின் எதுவார்து மொண்ட்லானே, தான்சானியாவின் தார் எஸ் சலாம் பல்கலைக்கழகங்களின் ஆசிரியர்கள் பலர் இப்படித்தான் முனைவர் ஆனார்கள். வேலையும் வீடும் ஊரில் இருந்ததால் திரும்பிவர அவர்களுக்குக் காரணம் இருந்தது. இளம் ஆசிரியர்களை மொத்தமாக வெளியே அனுப்பிவிட்டுத் துறைகளைக் காலியாக வைத்திருக்கும் நிலையில் இல்லாத நாடுகளுக்கு இது சிறிய விஷயமல்ல.

ஆய்வுக்கும் லாபம் உண்டு. காவிரிப் படுகையில் நெற்பயிரைத் தாக்கும் ஒரு பூச்சியை ஆராய்பவர் குறுவையையும் சம்பாவையும் தாளடியையும் அடுத்தடுத்துப் பார்த்தால்தான் அதன் போக்கு பிடிபடும். முழுநேர வெளிநாட்டு மாணவர் ஒரு கோடை விடுமுறையில் வந்து திரட்டிப்போகும் தரவில் ஒரு பருவம் இருக்கும், ஒரு மழை இருக்கும், அவ்வளவுதான். களத்தில் நெடுநாள் இருப்பவருக்கு, தான் கேட்க வந்த கேள்வியே தவறானது என்று கண்டுபிடிக்கவும் அவகாசம் கிடைக்கிறது.

பொருளே இரண்டு இடங்களில் கிடக்கும் ஆய்வுக்குத் தரங்கம்பாடியைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தோன்றவில்லை. 1620இல் தஞ்சை நாயக்கரிடமிருந்து டேனிஷ்காரர்கள் பெற்ற அந்த ஊர் 1845இல் ஆங்கிலேயரிடம் விற்கப்படும்வரை அவர்கள் கையில் இருந்தது. 1706இல் மிஷனரி சீகன்பால்கு அங்கே வந்து இறங்கினார். கோட்டை, தேவாலயங்கள், கல்லறைகள், தெருக்கள், கடற்கரையோரக் குடும்பங்களின் நினைவுகள் எல்லாம் இங்கே இருக்கின்றன. நிர்வாக ஆவணங்களில் பெரும்பகுதி கோபன்ஹேகனில். மிஷனரிகளின் கடிதங்களும் அவர்கள் திரட்டி அனுப்பிய தமிழ் ஓலைகளும் ஜெர்மனியின் ஹாலே நகரில், பிராங்கே அறக்கட்டளைக் காப்பகத்தில். இங்கே மட்டும் உட்கார்ந்து எழுதினால் ஆங்கிலத்தில் பெயர்த்ததை நம்பி எழுத வேண்டும். அங்கே மட்டும் உட்கார்ந்து எழுதினால், கடிதத்தில் வரும் ஒரு தெருவோ சாதிப் பெயரோ வெறும் எழுத்தாகவே நிற்கும். இந்த ஆய்வாளர் இரண்டு இடத்திலும் இருந்தே ஆக வேண்டும்.

இங்கேயும் ஒரு பள்ளம் இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டு ஜெர்மன் கையெழுத்து இன்றைய ஜெர்மன் படித்தவர்களுக்கே எளிதில் பிடிபடாது. அந்த எழுத்தைப் படிக்கப் பழகுவதற்கே மாதங்கள் ஆகும். அந்தப் பழக்கம் இல்லாமல் 12 மாதத்துக்குப் போகிறவர் ஆவணங்களைப் புகைப்படம் எடுத்துக்கொண்டு திரும்புவார். ஊரில் அவற்றைப் படித்துக் காட்ட ஆள் இருக்காது. மொழிப் பயிற்சியைப் பயணத்துக்கு முந்தைய ஆண்டிலேயே தொடங்க வைப்பது உள்ளூர் நெறியாளரின் கடமை. அவர் அதை மறந்தால் அந்த உதவித்தொகை பாதி வீண்.

எதிர்த்திசையிலும் இது நடக்கிறது. புதுச்சேரியில் 1955 முதல் பிரெஞ்சு நிறுவனமும், தூரக்கிழக்குப் பிரெஞ்சுப் பள்ளியின் மையமும் இயங்கிவருகின்றன. ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் பதிவு செய்த மாணவர்கள் அங்கே தங்கி நம் புலவர்களிடம் தமிழும் வடமொழியும் பாடம் கேட்டிருக்கிறார்கள். 1984 முதல் வெளிவந்த தேவாரப் பதிப்பில் தி. வே. கோபாலையர் பெயரும் பிரான்சுவா குரோ பெயரும் பதிப்பாசிரியர்களாகச் சேர்ந்தே நிற்கின்றன. அது மரியாதையான முன்மாதிரி. ஆனால் பொதுவாக, சுவடியை வரிவரியாகப் படித்துக் காட்டிய உள்ளூர் ஆசிரியர் ஆய்வேட்டின் நன்றியுரையோடு நின்றுவிடுகிறார். இரண்டு வளாகத்தையும் சமமாக மதிக்கும் முறையில் அவரே இரண்டாவது நெறியாளராக இருந்திருக்க வேண்டும்.

அறிவியல் துறைகளில்தான் எனக்குக் கவலை அதிகம். அங்கே பெரும்பாலும் பிரிவுக்குக் காரணம் கருவி. மண் இங்கே, நோயாளி இங்கே, மூலிகை இங்கே, அளக்கும் இயந்திரம் அங்கே. மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் மூன்று ஆண்டு மாதிரிகளைச் சேர்த்து, ஆறு மாதத்துக்கு வெளிநாட்டு ஆய்வகத்துக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். உயிரியல் மாதிரி என்றால் 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம் குறுக்கே வரும், சென்னையில் உள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் அனுமதி தேவைப்படலாம். மருத்துவ ஆய்வில் வெளிநாட்டுக் கூட்டு என்றால் மத்திய சுகாதார அமைச்சகத்தின் ஆய்வுக் குழு பார்க்க வேண்டும். இந்தச் சட்டங்கள் தேவையானவை. நம் மூலிகைகளும் விதைகளும் கேட்பாரில்லாமல் வெளியேறிய அனுபவத்தில் பிறந்தவை. ஆனால் விசாவுக்கு ஒரு நாள்காட்டி, அனுமதிக்கு இன்னொன்று, அங்குள்ள இயந்திரத்தின் முன்பதிவுக்கு மூன்றாவது. பிரிட்டன் என்றால், சில தொழில்நுட்பத் துறைகளுக்குப் பாதுகாப்பு அனுமதிச் சான்றும் சேரும். நான்கும் ஒத்துப்போவது ஆய்வாளரின் திறமையைப் பொறுத்தது அல்ல.

போய்ச் சேர்ந்த பிறகு முதல் வாரங்கள் வீடு தேடுவதிலும் பாதுகாப்புப் பயிற்சியிலும் நுழைவு அட்டை வாங்குவதிலும் கழியும். மிஞ்சிய காலத்தில் அளவீடுகளை அவசரமாக முடிக்க வேண்டும். கருவியை இயக்குவது அங்குள்ள தொழில்நுட்பர், இவர் பக்கத்தில் நின்று பார்ப்பார். திரும்பும்போது பையில் இருப்பது ஒரு ஹார்ட் டிஸ்க். ஊருக்கு வந்ததும் மென்பொருள் உரிமம் முடிந்துவிடும், அங்குள்ள கணக்கும் மூடப்படும். ஓர் அளவீட்டில் சந்தேகம் வந்தால் திரும்ப அளக்க வழியில்லை. இப்படி முடித்தவருக்கு முனைவர் பட்டம் இருக்கும். தன் மாணவருக்கு அந்த அளவீட்டைக் கற்றுத்தரும் திறன் இருக்காது. அடுத்த தலைமுறையும் மாதிரிகளைப் பெட்டியில் அடைத்துக்கொண்டு அதே ஆய்வகத்தின் கதவைத் தட்டும். முறையின் மிகப் பெரிய குறை என்று நான் நினைப்பது இதைத்தான். ஒரு காலத்தில் இதோடு ஆய்விதழ்களைப் படிக்கும் வாய்ப்பும் பறிபோகும். 2025 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் சுமார் 13,000 இதழ்களை அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டிருப்பதால் அந்த ஒரு குறை பெருமளவு தீர்ந்திருக்கிறது. தனியார் கல்லூரி ஆய்வாளர்கள் இன்னும் வெளியேதான்.

இரண்டு நெறியாளர்கள் என்பது காகிதத்தில் அழகு. நடைமுறையில் ஒருவர் கையில் கருவியும் பணமும் இதழ்த் தொடர்புகளும் இருக்கும், மற்றவர் கையில் கையெழுத்து மட்டும். கட்டுரையில் யார் பெயர் கடைசியில் வரும், தொடர்புக்குரிய ஆசிரியர் யார் என்ற கேள்விகள் கடைசி ஆண்டில்தான் எழும். அப்போது பேரம் பேசும் வலிமை மாணவரிடமும் இருக்காது, உள்ளூர் நெறியாளரிடமும் இருக்காது. ஆய்வேட்டின் வடிவத்திலும் மோதல் வரும். ஸ்வீடனிலும் நெதர்லாந்திலும் நான்கைந்து கட்டுரைகளைத் தொகுத்து ஒரு முன்னுரை எழுதினால் போதும். இங்கே அதையே இயல் பிரித்து மறுபடி எழுதச் சொல்வார்கள். யுஜிசியின் 2022 விதிகளில் ஆறு ஆண்டுதான் பொதுவான உச்சவரம்பு, பெண்களுக்குக் கூடுதலாக இரண்டு ஆண்டு கிடைக்கலாம். வெளிநாட்டில் கழிந்த மாதங்களும் அந்தக் கணக்கில்தான் ஓடுகின்றன.

இந்தச் சச்சரவுகளை முன்கூட்டியே எழுதி முடிவுகட்டுவதில் பிரெஞ்சுக்காரர்களின் இணைநெறியாள்கை முறை மேலானது. அதற்கு அங்கே அரசாணையே உண்டு. எந்த நாட்டில் எவ்வளவு காலம், கட்டணம் எங்கே, ஆய்வேடு எந்த மொழியில், தேர்வுக் குழு எப்படி அமையும் என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் எழுதப்படும். வாய்மொழித் தேர்வு ஒரே முறை, இரண்டு பல்கலைக்கழகமும் அதை ஏற்கும். மும்பை ஐஐடியும் ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகமும் 2008இல் தொடங்கிய கூட்டு ஆய்வுக் கழகத்திலும் இதே தெளிவு இருக்கிறது. மாணவர் பெரும்பகுதி மும்பையில் இருப்பார், ஒரு பகுதி மெல்போர்னில், பட்டம் இருவருடையதும். சென்னை ஐஐடிக்கும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு இத்தகைய கூட்டுப் பட்டங்கள் உள்ளன. இவற்றைப் பார்க்கும்போது மகிழ்ச்சியும் வருகிறது, வருத்தமும் வருகிறது. இரண்டு பக்கமும் நல்ல ஆய்வகங்கள் உள்ள இடத்தில்தான் இந்தச் சமத்துவம் சாத்தியமாகியிருக்கிறது. திருநெல்வேலியிலோ யாழ்ப்பாணத்திலோ உள்ள ஒரு துறைத்தலைவர் இப்படி ஓர் ஒப்பந்தத்தை யாரிடம் கேட்டுப் பெறுவார்?

அந்த வகைத் துறைகளுக்குப் பொருந்துவது ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தின் வழி. 1961இல் இயற்பியலில் தொடங்கி, பிறகு வேதியியலுக்கும் கணிதத்துக்கும் விரிந்த அங்குள்ள பன்னாட்டு அறிவியல் திட்டம் தனி மாணவரைவிட ஊரில் உள்ள ஆய்வுக் குழுவைத் துணைக்கு எடுத்துக்கொள்கிறது. மாணவர்கள் சில மாதம் ஸ்வீடனுக்குப் போய்த் திரும்புவார்கள், மீண்டும் போவார்கள். அதே சமயம் ஊரில் உள்ள குழுவுக்குக் கருவிக்கும் பராமரிப்புக்கும் பணம் வரும், அதுவும் பல ஆண்டுகளுக்குத் தொடர்ந்து. நம் அரசுகளும் அறக்கட்டளைகளும் தரும் வெளிநாட்டு ஆய்வு உதவித்தொகைகள் பெரும்பாலும் ஆளுக்கே போகின்றன, விமானக் கட்டணம், தங்கும் செலவு, காப்பீடு என்று. அதே தொகையில் ஒரு பங்கை, அவர் திரும்பி வந்து உட்காரப்போகும் ஆய்வகத்துக்கு, அவர் அங்கே கற்ற அளவீட்டை இங்கே செய்யத் தேவையான கருவிக்கும் உதிரிபாகத்துக்கும் தொழில்நுட்பரின் சம்பளத்துக்கும் ஒதுக்க வேண்டும் என்று விதிகளில் ஒரு பத்தி சேர்க்கலாம். பயணம் போகிறவர்களின் எண்ணிக்கை அதனால் குறையும். குறைந்தாலும் நான் அதையே கேட்பேன்.