வாரும்வே

கரிசலுக்கு கி.ரா. 1982இல் அகராதி போட்டார். கொங்குக்குப் பெருமாள்முருகன் 2000இல் போட்டார். நடுநாட்டுக்குக் கண்மணி குணசேகரன். மூன்றும் என் மேசைக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன, அடிக்கடி எடுத்துப் புரட்டவும் செய்கிறேன். ஆனாலும் வட்டார வழக்கு என்றதும் எல்லோரும் பெயர்ச்சொல் பொறுக்கக் கிளம்பிவிடுவது எனக்கு ஒப்புவதில்லை. விடிலி, தேரி, பட்டாசல், தார்சா எல்லாம் அழகான சொற்கள்தான். விடிலியில் கருப்பட்டி காய்ச்ச ஆளில்லாமல் போனால் அந்தச் சொல்லும் கூடவே போகும், வருத்தப்படலாம், அவ்வளவுதான். பேசுகிற ஆள் இருக்கிறார், கேட்கிற ஆள் இருக்கிறார், நடுவில் பேச்சின் வால் மட்டும் அறுந்து விழுகிறதே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. திருநெல்வேலி ‘வே’யைச் சொல்கிறேன்.

என்னவே. எங்கவே. சும்மா இரும்வே. பைய வாரும்வே. இந்தக் கடைசியை மட்டும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ‘பைய’ வள்ளுவர் காமத்துப்பாலில், 1098ஆம் குறளில் புழங்கிய சொல். ‘வாரும்’ தாத்தாக்கள் காலத்து ஏவல். ‘வே’ டவுன் ரதவீதியில் நின்று டீ குடிக்கிறவரின் சொந்தச் சரக்கு. மூன்றும் ஒரே மூச்சில், இடறாமல் வந்து விழுகின்றன.

தம்பிக்கு ‘வால’, அண்ணாச்சிக்கு ‘வாங்க’. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற மனுசரை என்ன செய்வது? பக்கத்துக் கடைக்காரர், மச்சினன், கூடப் படித்துவிட்டு இப்போது வாத்தியாராக இருப்பவர். ‘ல’ போட்டால் மரியாதைக் குறைவு, ‘வாங்க’ என்றால் தள்ளி நிறுத்தியதுபோல் ஆகிவிடும். அந்த இடத்துக்கென்றே பிறந்தது ‘வே’. நீரு, உமக்கு, வந்தீரா, சொல்லும் என்று ஒரு முழுப் படியையே அது தூக்கி நிறுத்துகிறது. யாழ்ப்பாணத்துக்காரர்கள் இந்தப் படியைக் கைவிடவில்லை; நண்பரிடமும் மனைவியிடமும் ‘நீர்’ என்று இயல்பாகப் பேசுகிறார்கள். ஆனால் அவர்களிடம் ‘வே’ இல்லை. பாளையங்கோட்டை தேவாலயங்களில் வேறொரு வேடிக்கை. வேதாகமத் தமிழில் ஆண்டவருக்கு ‘நீர்’தான். ஜெபத்தில் அவரிடம் ‘நீர்’ என்று மன்றாடிவிட்டு வெளியே வந்து, செருப்பைத் தேடுகிற பக்கத்துவீட்டுக்காரரிடமும் ‘நீரு எப்பம் வந்தீருவே’ என்று கேட்கிறார்கள். புதுமைப்பித்தன் இன்னும் ஒரு படி மேலே போய், ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையில் கடவுளையே ‘ஓய்’ போட்டுக் கூப்பிட வைத்தார். திருநெல்வேலி வாய் அது, வேறெப்படிக் கூப்பிடும்?

கோயம்புத்தூர் நண்பர் ஒருவர் ‘ஏனுங்க’வை மிஞ்ச ஒன்றும் கிடையாது என்பார். இனிமைதான், யார் மறுத்தது? ஆனால் ‘ங்க’ நம்மை என்றைக்கும் ஒறம்பரையாகவே வைத்திருக்கும். திண்ணையைத் தாண்டி உள்ளே வர விடாது. நாகர்கோவில்காரர்களின் ‘மக்கா’ எதிர்ப்பக்கம் போய்விடுகிறது. கட்டிப்பிடித்து, எண்பது வயசுக்காரரையும் பிள்ளையாக்கிவிடும். ‘வே’ ஆளைச் சமமாக உட்கார வைத்துப் பேசுகிறது. எனக்கு அதுதான் பிடிக்கிறது.

அதன் முழு விளையாட்டையும் பார்க்கச் சண்டை நடக்க வேண்டும். எங்கள் பெரியப்பாவின் ஜவுளிக்கடைக்குச் சாயங்காலமானால் பக்கத்துப் பாத்திரக்கடைக்காரர் வந்து உட்காருவார். இருவருக்கும் ‘வே’ப் பழக்கம். லேசாகக் கோபம் வந்தால் பெரியப்பா குரலை இறக்கி, ‘நீரு பெரிய ஆளுவே’ என்பார். அதே ‘வே’தான், ஆனால் மரியாதை கொஞ்சம் கூடினால் அங்கே கிண்டல் என்று அர்த்தம். ஒருநாள் ஏதோ கோயில் கொடை வரிக் கணக்கில் பேச்சு முற்றி, பெரியப்பா வாயிலிருந்து ‘போல’ என்று வந்துவிட்டது. கடைப் பையன்கள் துணி மடிப்பதை நிறுத்திவிட்டார்கள். பாத்திரக்கடைக்காரர் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போனார். பிறகு பல நாள் இரண்டு கடைக்கும் நடுவில் பேச்சே இல்லை. சமாதானத்துக்கு யாரும் பஞ்சாயத்து வைக்கவில்லை. ஒரு காலையில் பெரியப்பா வாசலில் நின்றபடி, ‘காப்பி குடிச்சீராவே?’ என்றார். அதோடு முடிந்தது. மன்னிப்பு என்று தனியாக ஒன்று கேட்கவே இல்லை. ‘ல’விலிருந்து ‘வே’க்கு ஏறியதே போதுமானதாக இருந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இந்த நடுப்படி எல்லோருக்கும் கிடைத்ததில்லை. தன்னைவிட மூத்தவரையும் சாதி பார்த்து ‘ல’ போட்டு அழைத்த வாய்கள் இதே ஊரில்தான் இருந்தன. பெண்கள் பக்கம் ‘ஏட்டி’யும் ‘ளா’வும் உண்டு; ‘வே’ பெரும்பாலும் ஆண்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்டது. ரசனை என்று சொல்லி இதை மூடி மறைப்பதில் எனக்குச் சம்மதமில்லை. என் ஆசையெல்லாம், அந்தப் படியில் எல்லோருக்கும் இடம் விட்டிருக்கலாமே என்பதுதான். நடந்ததோ வேறு. படியையே எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளுக்கு வீட்டில் ‘நீங்க’ பழக்குகிறோம், நல்ல காரியம். வெளியே சமவயதுக்காரனை ‘ப்ரோ’ என்கிறார்கள், கொஞ்சம் வயசானால் ‘ஜி’. ‘ப்ரோ’ எந்த வினைச்சொல்லையும் தொடுவதில்லை. ‘ப்ரோ வாடா’, ‘ப்ரோ வாங்க’ இரண்டும் செல்லும். ‘வே’யை அப்படித் தொங்கவிட முடியாது, அது வினைமுற்றைப் பிடித்து ‘ஈர்’, ‘உம்’ என்று வளைத்த பிறகுதான் வாயை விட்டு இறங்கும்.

இது தெரியாததால்தான் சினிமாக்காரர்களிடம் அது படுகிற பாடு. திருநெல்வேலிக் கதை என்றால் அரிவாள் ஒன்று, வரிக்கு வரி ‘ஏலே’ ஒன்று. போனால் போகிறது என்று ‘வே’யையும் தூவிவிடுகிறார்கள். ‘நீ எங்க போறவே?’ என்று ஒரு கதாநாயகன் கேட்டதைத் தியேட்டரில் உட்கார்ந்து கேட்டேன். எங்கள் பக்கத்தில் பச்சைப்பிள்ளைகூட அப்படிப் பேசாது. ‘எங்கவே போறீரு?’ என்பதற்கு அதைவிட நேரமும் ஆகாது, செலவும் ஆகாது.

வசனம் எழுதுகிறவர்களுக்கு ஒரே ஒரு விண்ணப்பம். ‘வே’ போட்டால் ‘நீரு’ போடுங்கள், வினையில் ‘ஈர்’ வரட்டும். முடியாதென்றால் உங்கள் ஆளைப் பேசாமல் மதுரைக்காரனாகவே ஆக்கிவிடுங்கள், நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம்.