விரிப்பின் கீழ்க் கிடந்த மடல்

தாமஸ் ஹார்டி 1891இல் வெளியிட்ட 'டெஸ்' புதினத்தைக் கல்லூரி நாளில் முதன்முறை படித்தபோது, ஊழின்மீது எனக்குத் தீராச் சினம் எழுந்தது. அலெக் என்னும் செல்வந்தனால் வஞ்சிக்கப்பட்ட ஏழைப் பெண் டெஸ், தன்னை மணக்கவிருக்கும் ஏஞ்சலுக்கு நடந்ததை மடலில் எழுதிக் கதவின் அடியில் செருகுகிறாள். அது தரைவிரிப்பின் கீழ்ப் புகுந்து அவன் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. அந்த விரிப்பு மட்டும் அங்கு இல்லையேல் டெஸ் தூக்குமேடை ஏறியிருக்க மாட்டாள் என்றே அன்று நம்பினேன்.

முதுமையில் மீண்டும் படித்தேன். விரிப்பு குற்றமற்றது. மணநாள் இரவில் ஏஞ்சல் தன் பழைய பிழையொன்றை முதலில் சொல்கிறான். டெஸ் தயங்காது மன்னிக்கிறாள். அம்மன்னிப்புத் தந்த துணிவில் தன் கதையையும் சொல்கிறாள். அவனோ அவளைத் துறந்து பிரேசில் செல்கிறான். வறுமை அவளை மீண்டும் அலெக்கிடமே தள்ளுகிறது. முடிவில் அவனைக் கொன்று தானும் மடிகிறாள். மடல் உரிய வேளையில் கிடைத்திருப்பினும் ஏஞ்சல் கையிலிருந்த நிறைகோல் மாறியிராது.

ஆணுக்கு ஒரு நிறை, பெண்ணுக்கு ஒரு நிறை என்னும் அந்தக் கோலே அவளைக் கொன்றது. 'தூய பெண்' என்று துணைத்தலைப்பிலேயே ஹார்டி தீர்ப்பெழுதியிருந்தும் இளமையில் அதைக் கடந்து போனேன். ஊழைப் பழித்த நான் ஏஞ்சலைப் பழிக்கவில்லை. அவனிடத்தில் இருந்திருந்தால் நானும் அவ்வாறே செய்திருப்பேன் என்பதை என் நெஞ்சு அறிந்திருந்தது போலும்!