நடுவில் ஒரு நொடி இல்லை

இணையச் செயலி ஒன்றின் புதிய பதிப்பைத் தொலைவிலுள்ள சர்வரில் ஏற்றுவதை ‘டெப்ளாய்’ என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். அந்த வேலையைத் தானாகச் செய்துமுடிக்கும் கருவிகளில் கேப்பிஸ்ட்ரானோ எனக்கு மிகவும் பிடித்தது. ஜேமிஸ் பக் இதை 2005-இல் ரூபி மொழியில் எழுதி ‘சுவிட்ச்டவர்’ என்ற பெயரில் வெளியிட்டார். வணிகப்பெயர்ச் சிக்கல் எழவே, 2006-இல் இப்போதைய பெயரைப் பெற்றது. பிஎச்பி உலகின் ‘டிப்ளாயர்’ போன்ற கருவிகளும் இதே அமைப்பைத்தான் பின்பற்றுகின்றன. அப்படிப் பின்பற்ற வைத்த அழகு எங்கே இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் அழகு பெயரிடுவதில். ஒவ்வொரு டெப்ளாய்க்கும் ‘ரிலீஸஸ்’ என்ற ஃபோல்டருக்குள் புதிய ஃபோல்டர் ஒன்று பிறக்கிறது. அதன் பெயர் 14 இலக்கங்கள்: ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், நொடி. பெரியதிலிருந்து சிறியதற்கு இறங்கும் இந்த வரிசையால், பெயர்களை அகரவரிசைப்படி அடுக்கினாலே கால வரிசை வந்துவிடுகிறது. எது பழையது, எது புதியது என்று சொல்லத் தனிப் பட்டியல் தேவையில்லை. நேரமும் உலகப் பொது நேரம். அதனால் சர்வர் மும்பையில் இருந்தாலும் பிராங்க்பர்ட்டில் இருந்தாலும் வரிசை குழம்பாது.

இரண்டாவது அழகு, மாறுவதையும் மாறக்கூடாததையும் பிரித்து வைத்திருப்பதில். நிரல் ஒவ்வொரு முறையும் புதிதாக வருகிறது. ஆனால் பயனர்கள் ஏற்றிய படங்கள், லாக் கோப்புகள், கடவுச்சொற்கள் அடங்கிய அமைப்புக் கோப்பு ஆகியவை ‘ஷேர்டு’ என்ற தனி இடத்தில் அசையாமல் இருக்கின்றன. புதிய ரிலீஸ் அவற்றை நகலெடுப்பதில்லை. லிங்க் மூலம் சுட்டிக்கொள்கிறது. தேவையான கோப்பு ஷேர்டில் இல்லையென்றால், புதிய ரிலீஸ் உருவாகும் முன்பே வேலை நின்றுவிடும். பாதி வழியில் போய்த் தடுமாறுவது அதன் இயல்பில் இல்லை.

இனி, இந்த அமைப்பின் உயிர்நிலை. வெப் சர்வர் பார்ப்பது ‘கரண்ட்’ என்ற பெயரை மட்டுமே. கரண்ட் ஒரு ஃபோல்டர் அல்ல; ஏதோ ஒரு ரிலீஸைச் சுட்டும் லிங்க். நிரலை இறக்குவது, நூலகங்களை நிறுவுவது, படங்களையும் ஸ்டைல் கோப்புகளையும் தயார் செய்வது என எல்லா வேலையும் யாரும் பார்க்காத ஓரத்தில் நடந்து முடிகிறது. கடைசியில் லிங்க் மட்டும் திரும்புகிறது.

திருப்பும் விதத்தில்தான் கைநேர்த்தி. பழைய லிங்க்கை அழித்துவிட்டுப் புதியதைப் போட்டால், இரண்டுக்கும் நடுவே எதுவுமே இல்லாத ஒரு இடைவெளி வரும். வயலில் மடை மாற்றுபவருக்கு இது தெரியும். ஒரு வாயை அடைத்து இன்னொன்றை வெட்டுவதற்குள் நீர் எங்கோ தேங்கும் அல்லது வழியும். லினக்ஸில் இருக்கும் ‘ரீநேம்’ என்ற சிஸ்டம் காலுக்கு அந்த இடைவெளி இல்லை. பெயரைக் கேட்பவருக்குப் பழையது கிடைக்கும் அல்லது புதியது கிடைக்கும். மூன்றாவது நிலை கிடையாது. 1983-இல் வந்த 4.2 பிஎஸ்டி தந்த கொடை இது.

இதிலும் ஒரு நுணுக்கம். புதிய லிங்க்கை வேறு பெயரில் உருவாக்கி, ரீநேமைப் பயன்படுத்தும் ‘எம்வி’ கட்டளையால் ‘கரண்ட்’ மீது நகர்த்தினால், கரண்ட் ஒரு ஃபோல்டரைச் சுட்டுவதால் புதிய லிங்க் அந்த ஃபோல்டருக்குள்ளேயே போய் விழுந்துவிடும். அதனால் கேப்பிஸ்ட்ரானோ, ரிலீஸஸ் ஃபோல்டருக்குள் அதே ‘கரண்ட்’ என்ற பெயரில் லிங்க்கை உருவாக்கி, அதை மேல் ஃபோல்டருக்கு நகர்த்துகிறது. பெயர் ஒன்றாக இருப்பதால் பழையதன் இடத்தில் புதியது அப்படியே அமர்கிறது. இரண்டே வரி நிரல்! எத்தனை பேரின் பட்டறிவு அதற்குள் அடங்கியிருக்கிறது.

விழுப்புரம் அருகே கெடாரில் ஒரு மாணவி கல்லூரி விண்ணப்பப் பக்கத்தைக் கைப்பேசியில் திறக்கும் அதே நொடியில் லிங்க் திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய பக்கம் அவள் திரையில் ஏற்கெனவே வந்துவிட்டது. அதற்கான ஸ்டைல் கோப்பு இனிமேல்தான் வர வேண்டும். ரூபி மொழியின் ரெயில்ஸ் சட்டகத்தில் எழுதிய செயலிகளில் அந்தக் கோப்புகளின் பெயரிலேயே அவற்றின் உள்ளடக்கத்துக்கான கைரேகை சேர்ந்திருக்கும். அவை இருப்பதும் ஷேர்டில்தான். ஆகவே பழைய பக்கம் கேட்கும் பழைய கோப்பு அங்கேயே காத்திருக்கிறது. பக்கம் குலையாமல் விரிகிறது. பலவீனமான சிக்னலில் மெதுவாக இறங்கும் பக்கத்துக்குத்தான் இந்தக் கரிசனம் அதிகம் உதவும்.

தவறு நேர்ந்தால்? வழக்கமான அமைப்பில் கடைசி ஐந்து ரிலீஸ்கள் சர்வரில் இருக்கும். ரோல்பேக் என்பது லிங்க்கைப் பழைய ரிலீஸுக்குத் திருப்புவதுதான்; மறுபடி எதையும் கட்ட வேண்டியதில்லை. பழுதான ரிலீஸையும் தூக்கி எறியாமல், சுருக்கிக் கட்டி வைக்கிறது, பின்னால் ஆராய. தரவுத்தளம் மட்டும் இப்படித் திரும்பாது. அதனால் தேர்ந்த குழுக்கள் புதிய நெடுவரிசையை முதலில் சேர்த்து, பழையதை அடுத்த ரிலீஸில்தான் நீக்குகின்றன. இரண்டு பதிப்பும் சிறிது காலம் உடன்வாழ இடம் விடும் அதே பண்புதான் அங்கும்.

விழுப்புரத்தில் கிராமப்புற மாணவர்களுக்குக் கட்டற்ற மென்பொருளைக் கொண்டுசேர்க்கும் குனு/லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. அந்த மாணவர்களைப் போல லினக்ஸ் கற்கும் எவரும் தொடக்கத்திலேயே சந்திக்கும் ‘எல்என்’, ‘எம்வி’ என்ற இரண்டு கட்டளைகளே இந்த அமைப்பின் முதுகெலும்பு. கேப்பிஸ்ட்ரானோவின் மூல நிரலும் எவரும் திறந்து படிக்கக் கூடியது. அதைப் படிக்கும் பிள்ளைகள் ஒரு கருவியின் பயன்பாட்டோடு நிற்காமல், முன்பின் தெரியாத ஒருவரின் ஒரு நொடிக்காக வேலையை எப்படி வரிசைப்படுத்துவது என்பதையும் கற்பார்கள். தானியங்கி என்ற பெயருக்கு அந்த அக்கறைதான் மதிப்புத் தருகிறது.