மக்கள் முன்னணி: எந்த மக்கள்?

1936 ஜூனில் லெயோன் ப்ளூம் தலைமையில் அமைந்த மக்கள் முன்னணி அரசு, வாரம் 40 மணி நேர வேலை, சம்பளத்தோடு இரண்டு வார விடுப்பு என்று சட்டம் போட்டது. அதை நம்ம தோழர்கள் நெகிழ்ந்து எழுதுகிறார்கள். நானும் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அடுத்த மாதமே, ஜூலை 30 அன்று, அதே அரசின் ஆளுகையில் இருந்த புதுச்சேரியில் வேலைநிறுத்தம் செய்த பஞ்சாலைத் தொழிலாளர்கள் 12 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். எட்டு மணி நேர வேலை அங்கே சட்டமானது 1937இல், ரத்தம் சிந்திய பிறகு. அந்த ஆண்டு ஜனவரியிலேயே, அல்ஜீரிய விடுதலை கேட்ட மெஸ்ஸாலி ஹாஜின் 'வட ஆப்பிரிக்க நட்சத்திரம்' அமைப்பை ப்ளூம் அரசு கலைத்தது. பாசிசத்துக்கு எதிராக முன்னணியோடு நின்றவங்கதானே அவங்க?

1931இல் பாரிஸ் காலனியப் பொருட்காட்சிக்கு சுமார் 3.3 கோடி டிக்கெட் விற்றது. 'போகாதீர்கள்' என்று துண்டறிக்கை விட்டவர்கள் ப்ரெத்தோன், எல்யுவார், அரகோன் முதலான ஒரு கைப்பிடி சர்ரியலிஸ்டுகள். கனவு, நனவிலி என்று திரிந்த கூட்டம்னு அவர்களை ஒதுக்குகிற விமர்சகர்கள் இந்தத் துண்டறிக்கைக்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்? பொருட்காட்சியின் பகட்டுக்குப் பின்னால் இருந்த படுகொலைகளை அது பேசியது. ஒரு முன்னணி எவ்வளவு இடதுசாரி என்பதை அதன் காலனியில் போய்த்தான் அளக்கணும் என்பேன்.