டிராய்ப் போரின் தோற்றுவாய்: காரணமும் பழியும்

முன்னுரை

பாரிஸ் என்னும் இளவரசன் ஹெலனைக் கவர்ந்து சென்றமையால் டிராய் நகரில் பத்தாண்டுப் போர் மூண்டது என்பது பொதுவழக்கு. அதற்கும் முன்னர்ப் பொற்கனி ஒன்றன் பொருட்டுப் பெண்தெய்வங்கள் மூவர் பூசலிட்டனர் என்றும், அழகியைத் தேரும் பொறுப்பு பாரிஸிடம் வந்தது என்றும் கூறுவர். க. கைலாசபதியின் ஆய்வு 1968இல் வெளிவந்தபின், சங்க வீரநிலைப் பாடல்களைக் கிரேக்கக் காப்பியங்களோடு ஒப்பிடும் போக்கு நம் துறையில் வலுப்பெற்றது. அவ்வாறு ஒப்பிடுவோர் மேற்கண்ட கதைச்சுருக்கத்தை ஹோமரின் கூற்றாகவே கொள்வராயின் பிழை நேரும். அதனை இக்கட்டுரை சுட்ட முற்படுகிறது.

இலியட் கூறுவது

இலியட் போரின் தொடக்கத்தைப் பாடும் நூல் அன்று; பத்தாம் ஆண்டின் சில வாரங்களையே அது பாடுகிறது. அக்கிலீஸுக்கும் அகமெம்னானுக்கும் பகை மூட்டிய தெய்வம் யாது என்பதே அதன் தொடக்க வினா. பொற்கனி அந்நூலில் யாண்டும் இடம்பெறவில்லை. பாரிஸின் தீர்ப்பு 24ஆம் காண்டத்தில் சில அடிகளில் மட்டுமே வெளிப்படையாகச் சுட்டப்பெறுகிறது. அவ்வடிகளையும் பண்டை அலெக்சாந்திரிய அறிஞர் ஐயுற்றனர்.

காரணம் பற்றிய பேச்சு 3ஆம் காண்டத்து மதில் காட்சியில் கூர்மை பெறுகிறது. மன்னன் பிரியாம் ஹெலனை அருகழைத்து அமர்த்தி, குற்றம் அவளுடையதன்று, தெய்வங்களுடையதே என்கிறான். ஹெலனோ தன்னையே இழித்துரைத்து, பாரிஸைப் பின்தொடருமுன் இறந்திருக்கலாகாதா என வருந்துகிறாள். போரால் மக்களை இழப்பவன் அவள்மீதான பழியை நீக்குகிறான். பிறரால் பழிக்கப்படுபவள் அதனைத் தானே ஏற்கிறாள். இவ்விரு கூற்றுகளுள் எதனையும் புலவர் தம் முடிபாக உரைக்கவில்லை.

பிற நூல்கள் கூறுவன

இன்று சுருக்கமாகவும் துணுக்குகளாகவும் மட்டுமே கிடைக்கும் சிப்ரியா என்னும் காப்பியம், நிலத்தின் பாரத்தைக் குறைக்க ஜீயஸ் வகுத்த திட்டமே போர் என்கிறது. மகாபாரத ஆதிபருவத்தில் நிலமகள் தன் பாரம் குறித்துப் பிரமனிடம் முறையிடும் பகுதி இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. ஹெலன் எகிப்தில் தங்கிவிட்டாள் என்னும் செய்தியை ஹெரோடோட்டஸ் ஏற்கிறார். அகமெம்னானின் ஆற்றலும் அவன்பால் கொண்ட அச்சமுமே படையைத் திரட்டின எனத் தூசிடிடீஸ் அரசியல் காரணம் காண்கிறார்.

யூரிபிடீஸின் நாடகங்கள் இரண்டு இங்கு இன்றியமையாதவை. கி.மு. 415இல் அரங்கேறிய ‘டிராய்ப் பெண்கள்’ நாடகத்தில், தெய்வங்களின் போட்டியைக் காட்டி ஹெலன் தன்னைக் காத்துக்கொள்ள முயல்கிறாள். ஹெக்யூபா அதனை மறுத்து அவளது வேட்கையையே குற்றமாக்குகிறாள். கி.மு. 412இல் அரங்கேறிய ‘ஹெலன்’ நாடகத்திலோ டிராய்க்குச் சென்றது அவளது மாயவுருவே. ஒரே ஆசிரியர் மூன்றாண்டு இடைவெளியில் அவளைக் குற்றக்கூண்டிலும் நிறுத்துகிறார், குற்றமற்றவளாகவும் காட்டுகிறார். பொற்கனியோ லூசியன் போன்ற பிற்காலத்தார் நூல்களிலும் தொன்மத் தொகுப்புகளிலுமே தெளிவாகக் காணப்பெறுகிறது.

முடிவுரை

போரின் தோற்றுவாய் பற்றிய ஒவ்வொரு கதையும் பழியை ஒருவர்மீது ஏற்றும் முயற்சியே எனலாம். காப்பியம், வரலாறு, நாடகம் ஆகியன தத்தம் நோக்கிற்கேற்ப அதனைத் தெய்வத்தின்மீதோ, அரசியலின்மீதோ, பெண்ணின்மீதோ ஏற்றின. இவற்றைக் கோவைப்படுத்தி ஒரே கதையாக்கிக் கற்பிக்குங்கால், ஹோமர் வழங்காத தீர்ப்பை அவர் பெயரால் ஹெலனுக்கு நாம் வழங்கிவிடுகிறோம். ஒப்பாய்வாளர் எந்நூல் எக்காரணத்தை யார் வாய்மொழியாகக் கூறுகிறது என வேறுபடுத்திக் காண்டலே முறையாகும்.